இரண்டு சித்தூர்களுக்கும் ஒரு வெண்பாப் பாடம்

பாலக்காட்டுப் பக்கம் ஒரு சித்தூர், ஆந்திரத்தில் ஒரு சித்தூர். இரண்டின் சுற்றுவட்டாரத்திலும் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளிக்கூடத்தில் மலையாளமோ தெலுங்கோ படிக்கும் பிள்ளைகள் ஏராளம். பாலக்காட்டுப் பக்கம் மலையாளக் கிளிப்பாட்டு மனப்பாடமாக வருகிறது. ஆந்திரப் பக்கம் தெலுங்குச் சதகப் பத்தியங்கள் (பாடல்கள்) தூக்கத்தில் கேட்டாலும் வரும். ஆனால் ஒரு தமிழ் வெண்பாவைக் கையில் கொடுத்தால் உரைநடை வாசிப்பதுபோல வாசித்து, அருஞ்சொல்லுக்குப் பொருள் கேட்டு, அத்தோடு மூடி வைத்துவிடுகிறார்கள். வீட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் பெரும்பாலும் அணியின் பெயர்களில் தொடங்குகிறார்கள். உவமை அணி, உருவக அணி என்று பட்டியல் போட்டால் பரீட்சைக்கு உதவும். பாட்டு காதில் ஏறாது.

தொடங்க வேண்டிய இடம் அசை, அதாவது ஓரிரு எழுத்து சேர்ந்த ஒலித்துண்டு. அசை கைவந்துவிட்டால் சீர் (அசைகள் சேர்ந்தது), தளை (சீரும் சீரும் பொருந்தும் இடம்), தொடை (எதுகை, மோனை) மூன்றும் அதன் பின்னாலேயே வந்துவிடும். அணியைக் கடைசியில் பார்த்தால் போதும். மலையாளமும் தெலுங்கும் படித்த பிள்ளைக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். எந்தப் பாதி தெரியும், எந்தப் பாதி காலை வாரிவிடும் என்று பிரித்துச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

கையில் வைத்துக்கொள்ள இரண்டு குறள் வெண்பாக்கள். இரண்டும் இந்தப் பாடத்துக்காகவே கட்டியவை.

காற்று கணவாய்க் கதவு திறந்ததும்
நாற்று நடுவார் நகை.

மாவிலை கட்டிய வாசலில் வந்துநின்று
பூவிலை கேட்டாள் மகள்.

முதலாவது பாலக்காட்டுக் கணவாயைப் பற்றியது: மழைக்காற்று கணவாய் என்ற கதவைத் திறந்துகொண்டு நுழைந்ததும், நாற்று நடுகிறவர்கள் முகத்தில் சிரிப்பு. இரண்டாவது ஆந்திரப் பக்கத்து வாசல்: மாவிலைத் தோரணம் கட்டிய வாசலில் நின்று ஒரு பெண் பூ என்ன விலை என்று கேட்கிறாள். பொருள் இவ்வளவுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளையின் கவனம் முழுவதும் ஓசைக்குப் போகட்டும்.

அசை பிரிப்பது

பென்சிலால் பாட்டின் மேலேயே கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். விதி நான்கே வரி. நெட்டெழுத்து வந்தால் அங்கேயே ஓர் அசை முடிந்தது, அது நேர். குற்றெழுத்துக்கு அடுத்து புள்ளி எழுத்து வந்தால் அதுவும் நேர். குற்றெழுத்துக்கு அடுத்து இன்னொரு உயிர்மெய் வந்தால், அது குறிலோ நெடிலோ, இரண்டும் சேர்ந்து ஓர் அசை, அது நிரை. சீரின் கடைசியில் ஒரு குறில் தனியாக மிஞ்சினால் அது நேர். புள்ளி எழுத்துக்குத் தனிக் கணக்கு இல்லை. முன்னால் நிற்கும் அசையோடு ஒட்டிக்கொள்ளும், இரண்டு புள்ளி சேர்ந்து வந்தாலும் அப்படியே.

காற்/று: நேர் நேர். கண/வாய்க்: நிரை நேர். கத/வு: நிரை நேர். திறந்/ததும்: நிரை நிரை. நாற்/று: நேர் நேர். நடு/வார்: நிரை நேர். நகை: நிரை.

இரண்டசைச் சீர் நான்குக்கும் பெயர் உண்டு. நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நேர் நிரை கூவிளம், நிரை நிரை கருவிளம். மூன்றாவதாக ஒரு நேர் சேர்ந்தால் பெயரோடு காய், நிரை சேர்ந்தால் கனி. இவற்றை உருப்போடத் தேவையே இல்லை, ஏனென்றால் பெயர்தான் அளவு. தே/மா என்று பிரித்துப் பாருங்கள், நேர் நேர். புளி/மா, நிரை நேர். கூ/விளம், நேர் நிரை. காய் என்பது நேர், கனி என்பது நிரை. சந்தேகம் வந்தால் பெயரையே அசை பிரித்தால் விடை கிடைத்துவிடும். இந்த வாய்பாட்டை அமைத்தவர்கள் பாடம் நடத்தத் தெரிந்தவர்கள்.

பழகுவதற்கு ஊர்ப்பெயர்களைவிட நல்ல சரக்கு இல்லை. பஸ்ஸில் போகும்போது பலகையைப் பார்த்துப் பிள்ளை சொல்லிக்கொண்டே வரலாம். சித்தூர், குப்பம், புத்தூர் மூன்றும் தேமா. நகரி, குமுளி, புனலூர் புளிமா. தென்மலை கூவிளம். திருத்தணி, திருப்பதி கருவிளம். நெம்மாறையும் ஆலத்தூரும் தேமாங்காய். பெருமாட்டி புளிமாங்காய். தேவிகுளம் கூவிளங்காய். மாம்பழத்துக்குப் பேர்போன முதலமடை, முத/லம/டை, கருவிளங்காய். மூலத்தரை, மூ/லத்/தரை, தேமாங்கனி. பாலக்காடு பா/லக்/கா/டு என்று நான்கு அசை. அது வெண்பாவுக்குள் ஒரே சீராக நுழையாது, இரண்டாக உடைத்துத்தான் வைக்க வேண்டும்.

வாளையாரில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சொல்லின் முதலில் அல்லாத ஐ தன் மாத்திரையில், அதாவது ஒலிக்கும் நேரத்தில், குறுகும். அதனால் ளை என்பதைக் குறிலாகவும் கொள்ளலாம். வா/ளை/யார் என்றால் தேமாங்காய், வா/ளையார் என்றால் கூவிளம். இந்த இடத்தில் பிள்ளை எப்படிப் பிரித்தாலும் தவறு போடாதீர்கள். வெண்பாவில் கூவிளத்துக்கு அடுத்தும் நேர்தான் வர வேண்டும், காய்க்கு அடுத்தும் நேர்தான் வர வேண்டும். இரண்டு வழியிலும் ஓசை கெடாது.

லகு குருப் பழக்கம் எங்கே இடறும்

தெலுங்கு யாப்பில் எழுத்தை லகு (ஒரு மாத்திரை), குரு (இரண்டு மாத்திரை) என்று எடை போட்டு, மூன்று மூன்றாகக் கணம் கட்டுவார்கள். அந்தக் கணக்கோடு வரும் பிள்ளை ‘கதவு’ என்பதை மூன்று லகு, ந கணம் என்று சொல்லும். ‘நடுவார்’ இரண்டு லகு ஒரு குரு, ஸ கணம். நான்கு மாத்திரைக் கணங்களால் ஆகும் கந்த பத்தியத்தில் ‘நடுவார்’ செல்லும், ‘கதவு’ ஒரு மாத்திரை குறைந்து செல்லாது. வெண்பாவிலோ இரண்டும் ஒரே புளிமா, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கலாம். காரணம், தமிழ் அசை மாத்திரையை எண்ணுவதில்லை. நாக்கு ஒரு தட்டில் சொல்லி முடிக்கிறதா, இரண்டு குறிலைக் கூட்டிச் சொல்கிறதா என்று பார்க்கிறது. தனியே நிற்கும் ‘க’வும் நேர், ‘கா’வும் நேர், ‘கால்’ என்பதும் நேர். ‘கத’ என்பதும் ‘கா’ என்பதும் மாத்திரையில் சமம், அசையில் வேறு. இந்த ஒரு வேற்றுமையைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் தெலுங்குப் பிள்ளைக்குப் பாதித் தடுமாற்றம் தீரும்.

மலையாளப் பக்கத்துத் தடுமாற்றம் வேறு. காகளி என்ற மலையாளப் பாவகையில் ஒரு கணத்துக்கு மூன்று எழுத்தில் ஐந்து மாத்திரை வர வேண்டும். எழுத்து போதாவிட்டால் பாடும்போது லகுவை நீட்டிக் குருவாக்கிக்கொள்ளலாம். சோகநாசினி ஆற்றங்கரையில் கிளிப்பாட்டுக் கவி எழுத்தச்சன் பெயரால் குருமடம் இருக்கிற பாலக்காட்டுச் சித்தூரில் அந்த நீட்டல் பிள்ளைகள் காதில் பாலோடு ஏறியது, அழகானதும்கூட. வெண்பாவில் அது ஆகாது. ‘கணவாய்’ என்பதை ‘காணவாய்’ என்று இழுத்தால் புளிமா கூவிளமாகிவிடும், முன்னால் நிற்கும் ‘காற்று’ என்ற தேமாவோடு ஒட்டாது. வெண்பாவைப் பாடவிடாமல் முதலில் சொல்லவிடுங்கள். அதற்குச் செப்பலோசை என்றே பெயர். ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்வதுபோன்ற நடை.

இன்னொன்று, கடைசி உகரம். மலையாளப் பேச்சில் ‘காற்று’ என்பதன் கடைசி உகரம் அரைகுறையாக நின்றுவிடும். அதே வாயோடு தமிழைப் படித்தால் ‘காற்ற்’ என்று ஒற்றாகவே முடிந்து, இரண்டசைச் சீர் ஓரசையாகச் சுருங்கும். பாட்டு நொண்டுவது பெரும்பாலும் இதனால்தான். குற்றியலுகரம் குறுகி ஒலித்தாலும் அசைக்கணக்கில் ஓர் எழுத்து என்று சொல்லி, ‘று’வை இதழ் குவியாமல், ஆனால் கேட்கும்படி சொல்லப் பழக்குங்கள். தெலுங்குப் பக்கத்தில் இதற்கு நேர்மாறாக உகரத்தை முழுசாக அழுத்துவார்கள். அது கேட்க ஒருமாதிரி இருந்தாலும் அளவைக் கெடுக்காது.

சந்தி பிரித்த பதிப்பு

பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கட்டும் என்று பதம் பிரித்து அச்சிட்ட புத்தகங்கள் அர்த்தத்துக்கு நல்லவை, அசைக்கு ஆகாதவை. ‘காற்றடிக்கும்’ என்பது காற்/றடிக்/கும், கூவிளங்காய், ஒரே சீர். ‘காற்று அடிக்கும்’ என்று பிரித்துவிட்டால் பிள்ளை இரண்டு சீர் எண்ணும், அடியில் ஒரு சீர் கூடிப்போகும். தெலுங்கிலும் இப்படி உகரம் கெடும் சந்தி உண்டு, ஆகவே அந்தப் பிள்ளைகள் சேர்த்துச் சொல்வதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

நம்முடைய இரண்டாவது குறளைப் பாருங்கள். ‘மா இலை’ என்று பிரித்து எழுதினால் அசை தப்பாது, ஆனால் எதுகை தொலைந்துவிடும்: மாவிலை, பூவிலை இரண்டிலும் இரண்டாம் எழுத்து ‘வி’, பிரித்துவிட்டால் ஒன்றில் ‘இ’, மற்றதில் ‘வி’. ‘வந்துநின்று’ என்பதில் சொல் இரண்டு, சீர் ஒன்று: வந்/துநின்/று. சொல் வேறு, சீர் வேறு என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. பழைய பாட்டைப் படிக்கும்போது சீர் பிரித்த பதிப்பில் ஓசையையும் பதம் பிரித்த பதிப்பில் பொருளையும் பார்க்க வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சீர் பிரித்ததையே வாங்குங்கள். பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தளை என்னும் கீல்

ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் பொருந்தும் இடம் தளை. தளை மொத்தம் 7. வெண்பாவுக்கு வேண்டியதைச் சொல்ல மூன்று சிறு தொடர் போதும்: மாமுன் நிரை, விளம்முன் நேர், காய்முன் நேர். முதல் சீரிலிருந்து கடைசிச் சீர் வரைக்கும், அடி மாறும் இடத்திலும்கூட, இது அறாமல் ஓட வேண்டும். அடி மாறும் இடத்தைப் பார்க்க மறப்பதுதான் புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்யும் பிழை.

முதல் குறளில் அந்த இடம் ‘திறந்ததும்’, ‘நாற்று’ இரண்டுக்கும் நடுவில். திறந்/ததும் கருவிளம், அடுத்து நாற் என்ற நேர், சரி. ‘திறந்ததும்’ என்பதை எடுத்துவிட்டு ‘திறந்தாலே’ என்று வையுங்கள். திறந்/தா/லே, புளிமாங்காய், காய்முன் நேர், அதுவும் சரி. இப்போது ‘திறந்தால்’ என்று வையுங்கள். பொருள் கொஞ்சமும் கெடவில்லை. ஆனால் திறந்/தால் புளிமா, மாமுன் நிரை வர வேண்டிய இடத்தில் நேர் வந்துவிட்டது. வாய்விட்டுப் படித்தால் அந்த இடத்தில் படி ஒன்று குறைந்த மாதிரி ஓசை இறங்கும். இது நேரொன்றாசிரியத்தளை; அகவல் என்ற ஆசிரியப்பாவில் இயல்பாக நடக்கும், வெண்பாவில் தட்டும். மூன்று சொல்லையும் மாற்றி மாற்றிப் படிக்கச் சொல்லி, எது ‘இடிக்கிறது’ என்று பிள்ளையே சொல்லும்வரை காத்திருங்கள். விதியை அதற்குப் பிறகு சொன்னால் மறக்காது.

குறள் வெண்பாவில் முதலடி 4 சீர், இரண்டாமடி 3 சீர், மொத்தம் 7. திருக்குறளின் 1,330 பாட்டும் இந்த அளவுக்குள்தான். கடைசிச் சீர் மட்டும் ஓரசையாகவோ, ஓரசையோடு ஓர் உகரமாகவோ நிற்கும். நேர் தனித்தால் நாள், நிரை தனித்தால் மலர், நேரோடு உகரம் காசு, நிரையோடு உகரம் பிறப்பு. ‘நகை’, ‘மகள்’ இரண்டும் மலர். வெண்பாவில் கனிச்சீர் வரவே கூடாது. மூலத்தரையை வைத்து வெண்பா எழுத விரும்புகிறவர்கள் அந்தப் பெயரை இரண்டு சீராகப் பிரிக்க வழி பார்க்க வேண்டும்.

ஆசிரியப்பா, துள்ளும் கலிப்பா, தூங்கலோசை வஞ்சிப்பா, நான்கடியும் சீர் எண்ணிக்கையில் ஒத்து வரும் விருத்தங்கள் ஆகியவை வெண்பா பழகியபின் தாமே விளங்கும். சிந்து வகையை மட்டும் இந்தக் கோல் கொண்டு அளக்காதீர்கள். அது தாளத்துக்கு நடப்பது. கை தட்டி எண்ண வேண்டும்.

எதுகையும் மோனையும் எல்லை தாண்டியவை

இந்தப் பகுதியில் நம் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர்க்காரர் உரிமை உண்டு. இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது தமிழில் எதுகை, தெலுங்கில் பிராச, மலையாளத்தில் த்விதீயாக்ஷரப் பிராசம். முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. தெலுங்கில் யதி அதே வேலையைச் செய்கிறது. 14ஆம் நூற்றாண்டுக் கேரள இலக்கண நூலான லீலாதிலகம், ‘பாட்டு’ என்ற வகைக்கு இலக்கணம் சொல்லும்போது, திராவிட எழுத்துகளால் ஆனது என்பதோடு எதுகையும் மோனையும் உடையது என்று அந்தப் பெயர்களையே சொல்லிச் சேர்க்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த இரண்டாம் எழுத்துப் பிராசம் கட்டாயமா இல்லையா என்று கேரள வர்ம வலிய கோயித் தம்புரான் ஒரு பக்கமும் ஏ. ஆர். ராஜராஜ வர்மா எதிர்ப்பக்கமுமாக மலையாளத்தில் பெரிய வாதமே நடந்தது. ஆகவே எதுகையைப் புதுப் பாடமாக நடத்தாதீர்கள். ‘உனக்குத் தெரிந்ததுதான்’ என்று சொல்லித் தொடங்குங்கள்.

வேறுபாடுகள் சில உண்டு. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது. முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். காற்று, நாற்று எதுகை. காற்று, நெற்று எதுகை ஆகாது, ஒன்று நெடிலில் தொடங்குகிறது, மற்றது குறிலில். தெலுங்கிலும் முதலெழுத்து குருவானால் எல்லா அடியிலும் குருவாக வேண்டும் என்ற விதி உண்டு, ஆகவே இது அவர்களுக்குச் சிரமமில்லை. ஆனால் தெலுங்குப் பிராசத்தில் மெய் ஒத்தால் போதும், அதன் மேல் ஏறும் உயிர் மாறலாம். மாவிலைக்கு ‘பூவெடு’ அங்கே செல்லும். தமிழில் அது வருக்க எதுகை, கடைசித் தரம். மாவிலை, பூவிலை என்று முதலெழுத்து நீங்கலாக மற்றதெல்லாம் ஒன்றி வருவது தலையாகு எதுகை.

எழுத்துத் தெளிவும் முக்கியம். ஆந்திரப் பக்கத்தில் ரகரமும் றகரமும் பேச்சில் ஒன்றாகிவிட்டதால் ‘கரை’க்கு ‘மறை’யை எதுகையாக வைக்கத் தோன்றும். காதுக்குச் சரிபோலப் படும், எழுத்தில் சரியில்லை. ன, ண இரண்டிலும் இதே கவனம் தேவை. கேரளப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ழ, ள, ற எல்லாம் வாயில் சுத்தமாக வரும். இந்தத் தொல்லை அங்கே இல்லை.

மோனையில் இனமும் செல்லும். அ ஆ ஐ ஔ ஒரு கூட்டம், இ ஈ எ ஏ ஒரு கூட்டம், உ ஊ ஒ ஓ ஒரு கூட்டம். ஒரே மெய்யின் மேல் இந்தக் கூட்டத்துக்குள் எது ஏறினாலும் மோனைதான். மெய்யில் சகரமும் தகரமும், ஞகரமும் நகரமும், மகரமும் வகரமும் தங்களுக்குள் இனம். ‘மாவிலை’க்கு ‘வாசலில்’ மோனையாவது இதனால்தான்.

நாற்சீரடியில் எந்தெந்தச் சீரில் மோனை விழுகிறது என்பதை வைத்துப் பெயர். 1, 2 இணை. 1, 3 பொழிப்பு. 1, 4 ஒரூஉ. 1, 2, 3 கூழை. 1, 3, 4 மேற்கதுவாய். 1, 2, 4 கீழ்க்கதுவாய். நான்கிலும் வந்தால் முற்று. காற்று, கணவாய், கதவு என்பது கூழை. மாவிலை, வாசலில், வந்துநின்று மேற்கதுவாய். பெயர்களைவிட இடம்தான் முக்கியம். வெண்பாவுக்கு மிகப் பொருந்துவது பொழிப்பு, ஏனென்றால் மூன்றாம் சீரில் அடி மூச்சு வாங்கித் திரும்புகிறது. தெலுங்கு விருத்தங்களான உத்பலமாலையில் 10ஆம் எழுத்தில், சம்பகமாலையில் 11ஆம் எழுத்தில் யதி வந்து அடியைத் தாங்குவதைப் பழகிய காதுக்கு இது உடனே புரியும். எல்லாச் சீரிலும் மோனை வைத்தே தீர வேண்டும் என்று முனைகிற பாட்டில் பொருள் மெலியும். இரண்டாவது குறளின் இரண்டாமடியில் மோனையே இல்லை. எதுகை தாங்கிக்கொள்கிறது, போதும்.

பொருளுக்குள் நுழையும்போது

ஓசை முடிந்ததும் ஒரு வேலை: பாட்டை உரைநடை வரிசைக்கு மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். இப்படிப் பாட்டின் சொற்களைப் பொருளுக்காகக் கோக்கும் முறைக்குப் பொருள்கோள் என்று பெயர், அது 8 வகை என்று நன்னூல் சொல்லும். நடைமுறையில் அடிக்கடி தேவைப்படுவது நிரல்நிறையும் கொண்டுகூட்டும்தான். ‘நெல்லும் தென்னையும் கதிரும் குலையும் தள்ளின’ என்றால் நெல் கதிர் தள்ளியது, தென்னை குலை தள்ளியது என்று வரிசையாகக் கோக்க வேண்டும். கோக்கத் தெரியாமல் அணியைத் தேடிப் பயனில்லை.

அணியில் பிள்ளைகள் அதிகம் குழம்புவது உவமைக்கும் உருவகத்துக்கும். எளிய சோதனை, எது முன்னால் நிற்கிறது என்பது. ஒப்பிடும் பொருள் முன்னால் நின்றால் உவமை: மதில்மலை, மதில் போன்ற மலை. சொல்ல வந்த பொருள் முன்னால் நின்றால் உருவகம்: மலைமதில், மலையாகிய மதில். அதன்படி ‘கணவாய்க் கதவு’ உருவகம். கணவாயைக் கதவு என்று சொல்லிவிட்டு, அந்தக் கதவு பொருந்திய சுவர் மலை என்பதைச் சொல்லாமல் விட்டதால் ஏகதேச உருவகம். சொல்லாத பாதியைக் கேட்பவர் மனசு தானே கட்டிக்கொள்கிறது.

இங்கே ஒரு புள்ளி எழுத்து செய்யும் வேலையை நிதானமாகக் காட்டுங்கள். ‘காற்று கணவாய்க் கதவு திறந்ததும்’ என்றால் திறந்தது காற்று, கதவு கணவாய். ஒற்றெழுத்தை இடம் மாற்றி ‘காற்றுக் கணவாய் கதவு திறந்ததும்’ என்று எழுதினால் திறந்தது கணவாய். காற்று அதற்கு அடைமொழி. கதவு வேறு ஏதோ ஒன்று. உருவகம் போய்விட்டது, கணவாய்க்கு ஆள்போல ஒரு செயல் வந்துவிட்டது. அசையில் அணுவளவும் மாற்றமில்லை, றுவும் நேர், றுக்கும் நேர். வல்லெழுத்து மிகுவதை வெறும் இலக்கணத் தொல்லையாக நினைக்கிற பிள்ளைக்கு இந்த ஓரடி போதும்.

காற்று வீசுவது இயற்கை. அதற்குக் கவிஞன் தானாக ஒரு காரணம் ஏற்றினால் தற்குறிப்பேற்றம். ‘நாற்று நடுகிறவர்களைப் பார்க்கத்தான் காற்று கதவைத் திறந்தது’ என்று பாடியிருந்தால் அது தற்குறிப்பேற்றமாகியிருக்கும். நம் குறளில் காரணம் ஏதும் சொல்லவில்லை, ஆகவே அந்தப் பெயரை ஒட்டவைக்கக் கூடாது. பாட்டில் இல்லாத அணியைக் கண்டுபிடிப்பது இருக்கிறதைத் தவறவிடுவதைவிடப் பெரிய பிழை.

‘பூவிலை’ சிலேடையாக நிற்கக்கூடிய சொல்: பூ விலை என்றும் பிரியும், பூ இலை என்றும் பிரியும். முன்னடியில் மாவிலை வந்துவிட்டதால் காது முதலில் இலை என்று எதிர்பார்க்கிறது, ‘கேட்டாள்’ என்ற சொல் வந்ததும் விலைக்குத் திரும்புகிறது. இரண்டு பொருளும் கடைசிவரை நின்றால்தான் முழுச் சிலேடை. இதில் ஒன்று விலகிவிடுகிறது.

சங்கப் பாட்டுக்குப் போனால் அணிக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, யார் யாரிடம் சொல்கிறார் என்பது. அதுதான் கூற்று. தலைவி தோழியிடம் சொல்வதைத் தலைவன் கூற்றாகப் படித்தால் பாட்டே தலைகீழாகும். அடுத்து திணை. பிரிவைப் பாடும் பாலைத் திணைப் பாட்டுகளில் வேங்கட மலையைத் தாண்டி, வேறு மொழி வழங்கும் நாட்டுக்குத் தலைவன் போன செய்தி அடிக்கடி வரும். அதை ‘மொழிபெயர் தேஎம்’ என்பார்கள். திருத்தணியிலும் நகரியிலும் இருந்து படிக்கிறவர்களுக்கு அந்த எல்லை அன்றாடப் பஸ் வழி. பாட்டிலோ பிரிவின் தொலைவை அளக்கும் கல். இந்த இரண்டையும் கலக்காமல் படிக்க வேண்டும். ‘தேஎம்’ என்பதில் நடுவில் நிற்கும் எகரம் அச்சுப்பிழை இல்லை, அளபெடை. ‘தேம்’ என்றால் ஓர் அசைதான், தே/எம் என்று நீட்டினால் இரண்டசையாகிச் சீர் நிரம்பும்.

புதுக்கவிதைக்கு அசைக்கணக்கு பொருந்தாது. அங்கே வரி எந்த இடத்தில் முறிகிறது, முறித்ததால் எந்தச் சொல் தனித்துக் கேட்கிறது என்று பாருங்கள். படிமத்தை விளக்கச் சொல்லாமல், கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று மட்டும் கேளுங்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி. இரண்டாவது குறளின் முதலடியை அப்படியே வைத்துக்கொண்டு, ஈற்றடியை மாற்றிக் கட்டச் சொல்லுங்கள்.

பூவிலை கேட்டது யார்: கேட்/டது கூவிளம், விளம்முன் நேர், முடிவு நாள். பூவிலை கேட்டது காற்று: அதே தளை, முடிவு காசு, வாசலில் வந்து நின்றது காற்று என்றாகி அணியும் மாறிவிடுகிறது. பூவிலை கேட்ட பொழுது: கேட்/ட தேமா, மாமுன் நிரை, பொழு/து பிறப்பு, பூவுக்குப் பொழுது மோனை. ‘பூவிலை கேட்டாள் யார்’ என்று பிள்ளை எழுதினால் தேமாவுக்குப் பின் நேர் வந்திருப்பதைக் காட்டுங்கள். ‘பூவிலை கேட்டாள் கிழவி’ என்று எழுதினால் தளை சரி, முடிவு தவறு: கிழ/வி புளிமா, கடைசியில் நிற்பது இகரம். பிறப்பு என்ற வாய்பாட்டுக்கு அங்கே உகரம் வேண்டும்.